கூடம் கோணலா என்று யார் பார்த்தது?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதைச் சொல்லிச் சிரிக்காத தமிழர் வீடு கிடையாது. ஆனால், சிரித்தவர்களில் ஒருவராவது தரையில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டு, கூடம் மெய்யாகவே கோணலா, இல்லையா என்று பார்த்ததுண்டா? பழமொழியில் அந்தச் சமாசாரமே வரவில்லை. அவள் குறை சொன்னாள், ஊர் சிரித்தது, வழக்கு முடிந்தது. கூடத்தைக் கட்டிய கொத்தனார் கூலியை வாங்கி மடியில் முடிந்துகொண்டு எப்போதோ போய்விட்டார்.

பழமொழிகளெல்லாம் அநுபவத்தின் சாரம் என்பார்கள். இருக்கட்டும். யாருடைய அநுபவம் என்று கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தப் பழமொழி ஆடுகிறவர்களின் அநுபவத்தில் பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இது கூடம் கட்டுகிறவர்களின் பழமொழி. பொருளைச் செய்கிறவர்கள், விற்கிறவர்கள், சர்க்காருக்காக வாங்கிப் போடுகிற உத்தியோகஸ்தர்கள், அவர்களுக்கு மேலே நாற்காலியில் இருக்கிற மந்திரிகள் எல்லாரும் இதையே கவசமாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் புகார் வந்தாலும் முதலில் கிடைக்கிற பதில் இதுதான்: "பொருளில் குறையில்லை, உங்களுக்குக் கையாளத் தெரியவில்லை."

மிக்ஸி சரியாக அரைக்கவில்லை என்றால், உளுந்து ஊறியது போதாது என்பார்கள். பேனா கசிந்தால், நீங்கள் பிடிக்கிற சாய்வு சரியில்லை என்பார்கள். எங்கள் தொழிலும் இதற்கு விலக்கல்ல. கதை ருசிக்கவில்லை என்று வாசகர் எழுதினால், வாசகருக்கு ரசனை போதாது என்று பதில் எழுதுகிற ஆசிரியர்களை நான் அறிவேன். இந்த வழக்குகளெல்லாம் லேசில் தீராது. மாவு கரைந்துவிடும், மசி உலர்ந்துவிடும், ரசனையை அளக்க இன்னும் கோல் வரவில்லை. ஆகையால், இந்த விவகாரத்தை விசாரிக்க, பொய் சொல்லத் தெரியாத சாட்சி ஒன்று உள்ள பொருளாகத் தேடினேன். பந்தயத் துப்பாக்கி கிடைத்தது. வாசகர்கள் திகைக்க வேண்டாம். நம்மில் பெரும்பாலோர் ஆயுளில் துப்பாக்கியைத் தொடப் போவதில்லை. ஆனாலும் துப்பாக்கி விஷயத்தில் ஒரு சௌகரியம் உண்டு. தகராறு என்று வந்தால், காகித அட்டையில் ஓட்டை இருக்கிறது. ஓட்டைக்குத் தாட்சண்யம் தெரியாது.

பந்தயத் துப்பாக்கி என்பது வேட்டைக்கோ யுத்தத்துக்கோ உரியதல்ல. அதற்கு ஒரே வேலைதான்: முன் குண்டு போன வழியிலேயே பின் குண்டையும் அனுப்புவது. 50 மீட்டர் பந்தயத்தில் பத்து எண்ணிக்கை தரும் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பந்தயத்திலோ அது அரை மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு முற்றுப்புள்ளி. இப்படிப்பட்ட துப்பாக்கியை ஒருவர் தம் சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்குகிறார். சுட்டுப் பார்க்கிறார். குண்டுகள் ஒன்றுகூடாமல், பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளிகளைப் போல ஆளுக்கொரு மூலையில் போய் நிற்கின்றன. வாரண்டி இருக்கிறதே என்று கடிதம் எழுதிப் போடுகிறார். பதில் வருகிறது: தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்துத்தான் அனுப்பினோம், சுடுகிறவரின் பயிற்சியைக் கவனிக்கவும்.

இதில் என்ன தப்பு, பயிற்சி குறைவாக இருக்கவே முடியாதா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கலாம். விசையை வெடுக்கென்று இழுத்தாலும், மூச்சு நிலைக்காமல் சுட்டாலும், கன்னத்தை ஒரு முறை வைத்த இடத்தில் மறு முறை வைக்காவிட்டாலும் குண்டு சிதறத்தான் செய்யும். அநேகம் புகார்களில் கடைசியில் குற்றவாளியாக நிற்பவர் சுட்டவரே என்பதையும் நான் மறுக்கவில்லை. என் சண்டை அந்த முடிவோடு அல்ல. பார்க்காமலே அந்த முடிவுக்கு வருகிறார்களே, அதனோடுதான்.

பார்ப்பதற்கு வழி இருக்கிறது. அது மந்திர வித்தையல்ல. நல்ல வைத்தியர் நோயைப் பிரித்தறிகிற ஒழுங்குதான். முதல் கேள்வி: குண்டுகள் சிதறுகின்றனவா, அல்லது ஒன்றாகச் சேர்ந்து வேறு இடத்தில் விழுகின்றனவா? இரண்டும் வேறு வேறு வியாதி. சேர்ந்து தள்ளி விழுந்தால், குறி பார்க்கும் கருவியைத் திருத்தினால் போதும். அதற்காகத் துப்பாக்கியின் மேல் பிராது கொடுப்பது பாவம். சிதறினால்தான் விசாரணை தொடங்க வேண்டும்.

இரண்டாவது, ஆளை விலக்கிவிட்டு ஆயுதத்தைக் கேட்பது. துப்பாக்கியை மணல் மூட்டையின் மேல் வைத்தோ, அசையாத பிடியில் இறுக்கியோ சுட்டுப் பார்க்க வேண்டும். வேறொரு தேர்ந்த கையிலும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் சிதறினால், முதல் ஆளின் மூச்சும் விசையும் கன்னமும் குற்றமற்றவை என்று விடுதலையாகிவிடும்.

மூன்றாவது, எளிய சந்தேகங்களை முதலில் தீர்ப்பது. கட்டையோடு இயந்திரத்தைப் பிணைக்கிற திருகாணி தளர்ந்திருக்கிறதா? குறி பார்க்கும் கருவி தன் பீடத்தில் ஆடுகிறதா? குழலுக்குள் ஈயமும் கரியும் படிந்திருக்கின்றனவா? குண்டு கடைசியாக விடைபெறுகிற இடமான குழல் வாயில், துடைக்கிற கம்பி பட்டு ஒரு சிறு பள்ளமாவது விழுந்திருக்கிறதா? அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாத அளவாக இருந்தாலும் போதும். பின்னால் வருகிற காற்று ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போய்க் குண்டைத் தள்ளிவிடும்.

நான்காவது, தோட்டா. பாயிண்ட் டூ டூ தோட்டாவில் ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலையாக இருந்தாலும், ஒரு லாட் தோட்டா ஒரு குழலுக்கு ஒத்துக்கொள்ளும். அடுத்த லாட் ஒத்துக்கொள்ளாது. இது சுடுகிறவர்களின் மூடநம்பிக்கை அல்ல. பந்தயத் தோட்டா செய்கிற பெரிய கம்பெனிகளே, சுடுகிறவர்களைத் தங்கள் சோதனைக் கூடத்துக்கு வரவழைத்து, அவர்களுடைய துப்பாக்கியைப் பிடியில் இறுக்கி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வசதி செய்திருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலான விதி, ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ரசம் சரியாக வரவில்லை என்று புளியையும் உப்பையும் மிளகையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், மறு நாள் ரசம் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. மூன்று குண்டு ஒன்றாக விழுந்துவிட்டால் துப்பாக்கி குணமாகிவிட்டது என்று நம்புவதும் கூடாது. மூன்று குண்டு யாருக்கும் அதிர்ஷ்டத்தால் சேரும். அதிர்ஷ்டம் களைத்துப் போகிற அளவுக்குச் சுட்டு, ஒவ்வொரு அட்டையிலும் தேதியும் லாட் எண்ணும் குறித்து வைக்க வேண்டும்.

இந்த ஒழுங்கையெல்லாம் கடைப்பிடித்துவிட்டு, "துப்பாக்கி நல்லது, உங்கள் கைதான் போதாது" என்று ஒரு கம்பெனி சொன்னால், அதன் முன் தலைவணங்கலாம். வாங்கினவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஆத்திரத்தில் தாமே கட்டையைச் செதுக்கி, விசையை அரத்தால் ராவி வைத்துவிட்டு, பிறகு வாரண்டி என்று நிற்பவருக்காக நான் வாதாட வரவில்லை. தடயத்தை அழித்தவர் சாட்சி கேட்க முடியாது. ஆனால் அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம், அட்டையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் பயிற்சியைப் பற்றிப் பிரசங்கம் செய்வது வியாபாரமல்ல, அகங்காரம்.

கூடம் மெய்யாகவே கோணலாக இருந்த ஒரு கதையைச் சொல்கிறேன். 2004-ம் வருஷம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டு அபிநவ் பிந்த்ரா காற்றுத் துப்பாக்கிப் பந்தயத்தின் இறுதிச் சுற்றுக்கு மூன்றாவது ஆளாக நுழைந்தார். வெளியே வரும்போது ஏழாவது இடம். நரம்பு தளர்ந்துவிட்டது, பெரிய மேடையில் நம்மவர்கள் இப்படித்தான் என்று பேசுவதற்கு எவ்வளவு வசதி! பிற்பாடு தெரிந்த விஷயம், அவர் நின்று சுட்ட இடத்தில் காலுக்குக் கீழே இருந்த தரை ஓடு சரியாகப் பதியாமல் ஆடிக்கொண்டிருந்தது என்பது. அரை மில்லிமீட்டர்ப் புள்ளியைக் குறி பார்த்து நிற்கிறவனுக்குக் காலடியில் ஓடு ஆடினால் என்ன ஆகும்? நம் பழமொழியை அந்த ஓட்டின் மேல் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும்.

அதே மனிதர் 2008-ல் பெய்ஜிங் இறுதிச் சுற்றுக்கு முன், சரிபார்ப்பதற்காகச் சுட்டபோது குண்டு எங்கோ தள்ளி விழுந்தது. அவர் தம் கையை நொந்துகொண்டு உட்காரவில்லை. கையைத் தெரிந்தவர், ஆகவே கருவியைச் சந்தேகித்தார். குறியைத் திருத்திக்கொண்டார். 700.5 எண்ணிக்கையோடு, இந்தியர் ஒருவர் தனியாக வென்ற முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். தன் மேல் பழி போட்டுக்கொள்வதுதான் அடக்கம் என்று அந்தச் சில நிமிஷங்களில் அவர் நினைத்திருந்தால், தங்கம் வேறு யார் வீட்டுக்கோ போயிருக்கும்.

விளையாட்டில் பதக்கம் போகும். யுத்தத்தில் உயிர் போகும். கானடா தேசத்து ராஸ் துப்பாக்கியின் கதை அப்படிப்பட்டது. சர் சார்லஸ் ராஸ் என்பவர் வகுத்த அந்த ரைபிள், இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்துப் பந்தயங்களில் பரிசுகளை அள்ளியது. பந்தயத்தில் ஜெயிக்கிற துப்பாக்கி யுத்தத்தில் தோற்குமா என்று சிப்பாய்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். 1915 ஏப்ரலில், ஈப்ர நகரத்துச் சேற்றில் விடை கிடைத்தது. பந்தயத் துல்லியத்துக்காக இறுக்கமாகக் கடைந்த தோட்டா அறைக்குள், சற்றே பருமனான பிரிட்டிஷ் தோட்டா போய்ச் சிக்கிக்கொண்டது. அடைப்பானைத் திறக்கச் சிப்பாய்கள் பூட்ஸ் காலால் உதைத்தார்கள்; மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். அந்தச் சண்டையில் உயிர் தப்பிய சுமார் 5,000 கானடியர்களில் 1,452 பேர் ராஸை எறிந்துவிட்டு, இறந்து கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அட்டையில் விழுந்த ஓட்டையைவிடக் கனமான சாட்சி இது. ஒரு சிப்பாய் சர்க்கார் கொடுத்த ஆயுதத்தை எறிந்துவிட்டுச் செத்தவன் கையிலிருந்ததை எடுக்கிறான் என்றால், அதற்கு மேல் என்ன விண்ணப்பம் எழுத வேண்டும்?

ஆனால் அந்நாட்டு யுத்த மந்திரி சாம் ஹ்யூஸ் அசையவில்லை. ராஸ் அவருக்கு மானப் பிரச்னையாகிவிட்டது. தோட்டாதான் மட்டம் என்றார். துப்பாக்கியைக் குறை சொல்லி எழுதிய படைத்தலைவர் ஆல்டர்சனைச் சாடிப் பதில் எழுதி, அதன் பிரதிகளை அதிகாரிகள் பலருக்கும் அனுப்பி வைத்தார். தோட்டா பருமன் என்பது ஓரளவு உண்மையும்தான். ஆனால் யுத்தத்தில் என்ன தோட்டா கிடைக்குமோ அதைச் சுடத்தானே துப்பாக்கி? 1916-ல் ராஸ் விலக்கப்பட்டது. அந்த வருஷம் நவம்பரில் ஹ்யூஸும் பதவியிழந்தார். வேடிக்கை என்னவென்றால், மறைந்திருந்து ஒற்றைக் குண்டு சுடும் குறிகாரர்கள் அதே ராஸை விரும்பி வைத்துக்கொண்டார்கள். துப்பாக்கி கெட்டதல்ல, அதற்கு உரிய இடம் வேறு. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய மேஜைகள் பார்க்கவில்லை. சேற்றில் கிடந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள்.

ஐம்பது வருஷம் கழித்து வியட்நாமில் இதே நாடகம் மறுபடி நடந்தது. அமெரிக்கச் சிப்பாய்களின் எம்-16 சுடும்போதே சிக்கிக்கொண்டு நின்றது. நீங்கள் சரியாகத் துடைப்பதில்லை என்றார்கள் மேலதிகாரிகள். துடைக்கிற சாமான்களையே போதுமான அளவு கொடுக்கவில்லை என்பது பிறகு வெளிவந்தது. தோட்டாவில் போடுகிற மருந்தை நடுவில் வேறு வகைக்கு மாற்றியதும், அதற்கு ஏற்றபடி துப்பாக்கியைத் திருத்தாததும் வெளிவந்தன. 1967-ல் இகார்ட் என்ற அங்கத்தினரின் தலைமையில் விசாரித்த அமெரிக்கக் காங்கிரஸ் குழு, இந்தப் பாராமுகம் கிரிமினல் குற்றத்தின் எல்லையைத் தொடுகிறது என்ற பொருளில் எழுதிவைத்தது. அதற்குள் போன உயிர்களுக்கு அந்த அறிக்கை எதற்கு?

இனி ஜெர்மனிக்கு வாருங்கள். இது வாரண்டி வழக்கேதான். ஜெர்மானிய ராணுவம் 1990-களின் பின்பாதியிலிருந்து ஜி-36 என்ற ரைபிளை வாங்கி வந்தது. செய்தது ஹெக்லர் அண்டு கோக் கம்பெனி. சூடேறினால் குண்டு விழும் இடம் விலகுகிறது என்ற பேச்சு 2012-ல் பத்திரிகைகளுக்கு வந்தது. 2015-ல் நிபுணர் குழு அறிக்கை கொடுத்தது. துப்பாக்கி சூடானாலும், சுற்றுப்புற வெப்பம் ஏறினாலும் குறி தவறுகிறது என்று அறிக்கை கண்டது. அப்போது ராணுவ மந்திரியாக இருந்த உர்சுலா வான் டெர் லையன், இந்தத் துப்பாக்கிக்கு இப்போதுள்ள உருவில் எதிர்காலம் இல்லை என்று அறிவித்தார். கம்பெனி சும்மா இருக்குமா? எங்கள் பொருளில் குறையில்லை என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று தானே கோப்ளென்ஸ் நகர நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2016 செப்டம்பர் 2-ம் தேதி கம்பெனி ஜெயித்தது.

எப்படி? ஓட்டைகள் பொய் சொல்லிவிட்டனவா? இல்லை. நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியே வேறு. துப்பாக்கி நன்றாகச் சுடுகிறதா என்பதல்ல. வாங்கும்போது எழுதிக்கொண்ட குணங்கள் அதில் இருந்தனவா என்பதுதான் கேள்வி. இருந்தன என்று தீர்ப்பாயிற்று. சட்டப்படி அது சரி. கொதிக்கிற துப்பாக்கியால் தொடர்ந்து சுட்டாலும் குறி தவறக்கூடாது என்று வாங்கினவர்கள் ஒப்பந்தத்தில் கறாராக எழுதியிருந்தால் தீர்ப்பு வேறாகியிருக்கலாம். கூடம் வரைபடத்தின்படிதான் இருந்தது. வரைபடம் போட்டவர்கள்தான் ஆட்டத்தை நினைத்துப் பார்க்கவில்லை.

இந்த வழக்கில் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆப்கானிஸ்தானத்தில் இந்தத் துப்பாக்கியின் குறையால் ஜெர்மன் வீரர் யாரும் இறக்கவோ காயமடையவோ இல்லை என்று 2015-லேயே ஒரு தனிக் குழு விசாரித்துச் சொல்லியிருந்தது. அங்கே சண்டையிட்டவர்களில் துப்பாக்கியைப் புகழ்ந்தவர்களும் உண்டு. பார்த்துச் சொன்னால், குற்றம் சாட்டினவனுக்கும் பாதகமாக ஒரு பங்கு உண்மை கிடைக்கும். அதற்கு அஞ்சுகிறவன் புகாரே செய்யக்கூடாது. கடைசி வேடிக்கை ஒன்று பாக்கி. ஜி-36-க்குப் பதிலாக வேறு ரைபிள் வாங்க ஜெர்மன் பார்லிமெண்டுக் குழு 2022 டிசம்பரில் பணம் ஒதுக்கியது. யாரிடமிருந்து வாங்க? அதே ஹெக்லர் அண்டு கோக்கிடமிருந்துதான்.

துப்பாக்கியும் வேண்டாம், ஜெர்மனியும் வேண்டாம், நம் வீட்டு விஷயத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். நம் நாட்டுச் சட்டம் நம் பழமொழியைவிட நியாயமாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2019-ம் வருஷத்துச் சட்டத்திலும் சரி, ஒரு விதி உண்டு. பொருளின் குறையைச் சோதித்துப் பார்க்காமல் தீர்மானிக்க முடியாது என்றால், ஆணையம் அந்தப் பொருளின் மாதிரியை வாங்கி, முத்திரை வைத்து, சோதனைச் சாலைக்கு அனுப்பி அறிக்கை பெற வேண்டும். கட்டணத்தைப் புகார் செய்தவரே முதலில் கட்ட நேரலாம், அது கஷ்டம்தான். ஆனாலும் சட்டம் சிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கோலிக்குண்டை உருட்டிப் பார் என்கிறது.

ஆகவே, பொருள் வாங்கும்போதே காகிதத்தைப் படியுங்கள். "சாதாரண உபயோகம்", "தகுந்த முறையில் கையாளுதல்" என்று சொல்லாமல் சொல்லி நழுவுகிற வார்த்தைகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். ரசீதைச் சமையலறை டப்பாவில் திணிக்காதீர்கள். குறை கண்ட தேதியையும், கண்ட விதத்தையும் எழுதி வையுங்கள். உங்கள் கையில் குற்றம் இருக்கலாமோ என்று முதலில் நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். சோதித்தபின் பொருள்தான் குற்றவாளி என்று தெரிந்தால், எதிரே இருப்பவர் எவ்வளவு பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் குரலைத் தாழ்த்தாதீர்கள்.

எல்லாரும் கூடத்தின் மேல் பழி போட ஆரம்பித்தால் யார் ஆட்டம் கற்றுக்கொள்வார்கள் என்று ஒரு கட்சி எழும். எனக்குத் தோன்றுவது நேர்மாறு. தரை சமம் என்று தெரிந்த பிறகுதான் தடுமாற்றம் தன்னுடையது என்று ஒருத்தி ஒப்புக்கொள்ள முடியும்; ஒப்புக்கொண்ட பிறகுதான் பயிற்சி பலிக்கும். தரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சிரிக்கிற ஊரில் நல்ல ஆட்டமும் வளராது. நல்ல கொத்தனாரும் வளரமாட்டார். அடுத்த முறை யாராவது இந்தப் பழமொழியை உங்கள் முகத்தில் வீசினால் கோபித்துக்கொள்ள வேண்டாம். "கூடத்தை அளந்து பார்த்தீர்களா, ஐயா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வருகிற வரையில் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.